ஏழு வயதுத் துப்பறிவாளனும் மாலை ஏழரை மணியும்

1996ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள், திங்கட்கிழமை, ஜப்பானிய இல்லங்களில் குடும்பத்தார் இராச் சாப்பாட்டுக்கு ஒன்றுகூடும் வேளையாகிய மாலை ஏழரை மணிக்கு, 'மெய்தாந்தெய் கோனன்' என்னும் சித்திரத் தொடரின் முதற்பாகம் ஒளிபரப்பாயிற்று. கேளிக்கைப் பூங்கா ஒன்றில் ரோலர் கோஸ்டர் ஓர் இருண்ட சுரங்கத்துக்குள் நுழைந்து வெளிவருகிறது. உள்ளே போகும்போது ஒருவனுடைய கழுத்தின்மேல் இருந்த தலை, வெளியே வரும்போது அங்கே இல்லை. அதே வண்டியில் அமர்ந்திருந்த குதோ ஷினிச்சி என்ற 17 வயது மாணவன், கொலை செய்தவர் யார், எப்படிச் செய்தார் என்பதை அந்த இடத்திலேயே எடுத்துரைத்துவிட்டு, அன்றிரவே கறுப்பு உடையணிந்த கயவர்களால் விஷம் புகட்டப்பெற்று, சாவதற்குப் பதிலாக ஏழு வயதுச் சிறுவனாகச் சுருங்கிப்போகிறான். சுருங்கியவன் எதோகவா கோனன் என்று பெயர் சூட்டிக்கொண்டு, பெரிய மூக்குக்கண்ணாடியும் சிவப்புக் கழுத்துப்பட்டியுமாக, தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பில் போய் அமர்கிறான். 30 ஆண்டுகள் ஆயின. 1,100க்கு மேற்பட்ட பாகங்கள் வந்துவிட்டன. அவன் இன்னும் முதல் வகுப்பிலேயே இருக்கிறான்.

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் வசிக்கும் ஒரு பெண்மணி சென்ற மாதம் என்னை மாடிப்படியில் நிறுத்தி, "மாமா, நீங்க துப்பறியும் கதையெல்லாம் நிறையப் படிச்சவங்க. இந்தக் கண்ணாடி போட்ட பொடியன் வர்ற கார்ட்டூன் இருக்கே, அது சின்னப் பிள்ளைங்களுக்கா, பெரியவங்களுக்கா? பொம்மைப் படம்தானேன்னு பாப்பா கையில போனைக் குடுத்துட்டேன். நேத்து எட்டிப் பாக்குறேன், ஒருத்தர் தூக்குல தொங்குறார்" என்று கேட்டார். பாப்பாவுக்கு ஒன்பது வயது. ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு மேலே ஏறிப்போயிருக்கலாம்தான்; ஆனால் அந்த ஒரு வார்த்தை என்னிடம் இருக்கவில்லை. 'பெரியவர்களுக்கு' என்று சொன்னால், முதல் வகுப்புப் பிள்ளைகள் நால்வரும் கதாநாயகனும் சேர்ந்து துப்பறிவோர் சங்கம் அமைத்துக்கொண்டு காணாமற்போன பூனையைத் தேடும் கதை எந்தப் பெரியவருக்கு என்ற கேள்வி எழும். 'குழந்தைகளுக்கு' என்று சொன்னால், அந்தத் தூக்குக்கயிறு குறுக்கே நிற்கும்.

இந்த வினாவை முதலில் அதன் சொந்த வீட்டில் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது நியாயம். கோனனைப் பிரசுரிக்கும் ஸ்தாபனத்தின் பெயர் ஷோகாகுகான். அந்தப் பெயரிலேயே 'தொடக்கப் பள்ளி' என்னும் பொருள் அடங்கியிருக்கிறது. 1922இல் அது தொடங்கப்பெற்றபோது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்று, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்று என்று இரண்டு பத்திரிகைகளை வெளியிட்டது. பின்னர் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனிப் பத்திரிகையாக அது விரிந்தது. பால்யத்தை ஆண்டுவாரியாகத் துண்டு போட்டு, இந்தத் துண்டுக்கு இந்தப் புத்தகம் என்று நிர்ணயிப்பதில் அவர்களுக்கு இணையான பிரசுரகர்த்தர்கள் உலகில் வேறு எவரேனும் இருந்தார்களா என்பது சந்தேகமே. அதே ஸ்தாபனம் 1959 மார்ச் 17இல் தொடங்கிய 'ஷோனென் சண்டே' என்ற வார இதழில்தான், 1994 ஜனவரியில், அவோயாமா கோஷோ என்ற சித்திரக்காரர் கோனன் கதையைத் தொடங்கினார். 'ஷோனென்' என்றால் பையன். இது சட்டம் விதித்த வயதெல்லையன்று. புத்தகக்கடை அலமாரியில் எந்தத் தட்டில் அடுக்குவது என்பதற்கான அடையாளம், அவ்வளவே. தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்பிலிருந்து உயர்நிலைப் பள்ளி வரையில் எவனும் அந்தத் தட்டுக்குக் கை நீட்டலாம். அவனுடைய தங்கையும் தகப்பனாரும் நீட்டினால் கடைக்காரர் தடுப்பதில்லை.

ஒசாகாவில் சில ஆண்டுகள் பணிபுரிந்து திரும்பிய என் நண்பர் ஒருவர், அந்த வார இதழின் பழைய பிரதி ஒன்றை வைத்திருக்கிறார். பழைய தொலைபேசி டைரக்டரி போன்ற கனம், தொட்டால் விரலில் மை ஒட்டும் போலிருக்கிற முரட்டுத் தாள். அதில் ஒரு பக்கத்தை விரித்து, பாத்திரங்கள் பேசும் குமிழிகளுக்குள்ளே சீன வழி வந்த பெரிய எழுத்துகளின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் வரிசையாகப் படிந்திருந்த சிற்றெழுத்துகளை எனக்குக் காட்டினார். 'ஃபுரிகானா' என்று அதற்குப் பெயர். பெரிய எழுத்தைக் கற்றிராத பிள்ளையும் ஒலியைக் கூட்டிப் படித்துவிடுவதற்காக அச்சிடப்படும் துணையெழுத்து அது. பெரியவர்களுக்கான இதழ்களில் இந்தத் துணை பொதுவாக இராது. நண்பர் தம் விரலை ஒரு சொல்லின்மேல் வைத்தார். இரண்டு கனத்த எழுத்துகள். ஓரத்தில் நான்கைந்து சிற்றெழுத்துகள். 'சாட்சுஜின்' என்று படித்துக்காட்டினார். கொலை என்று பொருள். ஏழு வயதுப் பிள்ளை தடுமாறாமல் வாசிப்பதற்காகக் கொலை என்ற சொல்லுக்கு ஊன்றுகோல் கொடுத்து நிறுத்தியிருக்கும் அந்தப் பக்கத்தைப் பார்த்த பிற்பாடு, இது குழந்தைகளை நினையாமல் செய்யப்பட்ட காரியம் என்று வாதிட எவராலும் இயலாது.

குழந்தைகளை நினைத்துச் செய்தால், கொலையை ஏன் வைத்தார்கள்? இதற்கு விடை காண இன்னும் அறுபது ஆண்டுகள் பின்னே போகவேண்டும். கோனன் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயரின் பிற்பாதி ஆர்தர் கோனன் டாயிலுடையது. முற்பாதி எதோகவா ரான்போவினுடையது. ரான்போ என்பதும் இயற்பெயரன்று. ஹிராய் தாரோ என்பவர் எட்கர் ஆலன் போவின் பெயரை ஜப்பானிய நாவுக்கேற்பத் திரித்து வைத்துக்கொண்ட புனைபெயர். இந்த ரான்போவுக்கு இரண்டு கைகள் இருந்தன என்று சொன்னால் மிகையாகாது. ஒரு கையால் அவர் வயதுவந்தோருக்கு எழுதியவை கோரமும் விகாரமும் நிறைந்தவை. போரில் அங்கங்களை இழந்து திரும்பிய ஒரு வீரனையும் அவன் மனைவியையும் பற்றிய 'கம்பளிப்புழு' என்னும் சிறுகதை 1939இல் தணிக்கையாளர்களால் தடைசெய்யப்பட்டது. மற்றொரு கையால், 1936 முதல், 'ஷோனென் கிளப்' என்ற சிறுவர் பத்திரிகையில் இருபது முகங்கொண்ட மாயத்திருடனின் கதையை எழுதினார். அந்தத் திருடன் வைரங்களையும் சிற்பங்களையும் களவாடுவான், இரத்தம் சிந்துவது அவனுக்குப் பிடிக்காது, கொலை செய்யமாட்டான். அவனைத் துரத்துவதற்குச் சிறுவர்கள் ஒரு துப்பறிவோர் சங்கம் அமைத்துக்கொள்வார்கள். குழந்தைக்கு எழுதும்போது பிரேதத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தவேண்டும் என்ற எல்லைக்கோடு ரான்போவுக்குத் தெளிவாக இருந்தது. அவோயாமா செய்த துணிகரமான காரியம், என் அபிப்பிராயத்தில், அந்தக் கோட்டை அழித்ததுதான்: சிறுவர் சங்கத்தை ரான்போவின் ஒரு கையிலிருந்தும் பிணத்தை மற்றொரு கையிலிருந்தும் எடுத்து ஒரே மேஜையில் வைத்துவிட்டார். நல்ல காரியமா என்று கேட்டால் எனக்கு முழுச் சம்மதமில்லை. ஆனால் சாமர்த்தியமான காரியம்.

இப்படி வைத்ததைத் தொலைக்காட்சி நிலையத்தார் பாதி இரவில் ஒளிபரப்பாமல் மாலை ஏழரைக்கு ஒளிபரப்பினார்களே, அதில்தான் வயதுக் கேள்விக்கான உண்மையான பதில் ஒளிந்திருக்கிறது. அவர்கள் மனத்தில் இருந்தது ஒரு வயதன்று, ஒரு நேரம். அந்த நேரத்தில் ஒரு வீட்டில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும், அதன் எதிரே சாப்பாட்டு மேஜை இருக்கும், மேஜையைச் சுற்றி நான்கு வெவ்வேறு வயதினர் இருப்பார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. ஆகையால் நால்வருக்கும் தனித்தனியாகப் பங்கு வைத்தார்கள். கடைக்குட்டிக்கு, மயக்க ஊசி எய்யும் கைக்கடிகாரமும் குரலை மாற்றும் கழுத்துப்பட்டியும். மூத்த பெண்ணுக்கு, காணாமற்போன ஷினிச்சிக்காகக் காத்திருக்கும் ரான் என்னும் தோழியின் விரகம். தகப்பனாருக்கு, மதுவும் குதிரைப் பந்தயமுமாகக் காலம் கழித்துக்கொண்டு, தாம் உறங்கும்போது தம் குரலில் வேறொருவன் துப்புத் துலக்குவதை அறியாமலே கீர்த்தி பெற்றுவிட்ட கோகொரோ என்ற அசட்டு ஆசாமி. தாயாருக்கு, கடைசி ஐந்து நிமிஷத்தில் குற்றவாளி விம்மி விம்மிச் சொல்லும் காரணம். கடனால், துரோகத்தால், பதினைந்து வருஷத்துக்கு முந்திய ஓர் அவமானத்தால் கொன்றேன் என்று அவர் சொல்லுகையில் குழந்தை சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும். தாயாரின் கை மட்டும் ஒரு கணம் நிற்கும்.

இதில் ஒரு விநோதத்தைக் கவனித்திருக்கிறேன். 1997 டிசம்பரில் 'போக்கேமான்' தொடரின் ஒரு பாகத்தில் சிவப்பும் நீலமுமாக மாறிமாறி மின்னிய ஒளியால் 600க்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அது முதற்கொண்டு ஜப்பானியச் சித்திரத் தொடர்களின் ஆரம்பத்தில், அறையை வெளிச்சமாக வைத்துக்கொண்டு பெட்டியைவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று ஓர் அறிவிப்புத் தோன்றும். கோனனிலும் உண்டு. அதிகாரியின் அறிவிப்புப் போல அல்லாமல், மடியில் வைத்துக்கொண்ட குழந்தையிடம் அக்கா பேசுவதுபோன்ற கொஞ்சல் நடையில் அது அமைந்திருக்கும். கண்ணுக்குக் கேடு வரும் என்று அத்தனை கவலை. அடுத்த பத்து நிமிஷத்தில் வரப்போகும் பிரேதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. அவ்வாறே, ஜப்பானியப் பெற்றோர் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பாத நிகழ்ச்சிகளில் பேர்போனது, ஒருவரையும் கொல்லாமல் காற்சட்டையை மட்டும் அவிழ்க்கும் ஐந்து வயது ஷின்-சான். அவனோ 1990இல் பெரியவர்களுக்கான வார இதழில் பிறந்தவன். கொலையைப் பிள்ளை பாவனை செய்யாது, பிருஷ்டத்தைக் காட்டுவதைச் செய்யும் என்ற அநுபவ ஞானம் அந்தத் தாய்மாருக்கு இருந்திருக்க வேண்டும்.

அந்த மாலை ஏழரைக் கடிகாரத்தைப் பிடுங்கிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. 2004இல் கோனன் அங்கே சென்றபோது, 'கேஸ் குளோஸ்ட்' என்ற புதுப்பெயருடனும், ஷினிச்சிக்கு ஜிம்மி, ரானுக்கு ரேச்சல் என்ற புது ஞானஸ்நானங்களுடனும், பகலில் குழந்தைகளுக்கான கார்ட்டூன் நெட்வொர்க் அலைவரிசையிலே, வயதுவந்தோருக்கென்று இரவில் ஒதுக்கப்பட்ட 'அடல்ட் ஸ்விம்' என்னும் பகுதியில் வைக்கப்பட்டது. இரத்தம் இருக்கிறது, ஆகவே இரவு என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். இரவு வெகுநேரத்துக்குமேல் விழித்திருக்கும் இளைஞன், பெரியவர்களுக்கான சரக்கு என்று நம்பித் தொலைக்காட்சியை முடுக்கினால், முதல் வகுப்புப் பையன் ஒருவன் உருளைப்பலகையில் ஏறிப் பறந்துகொண்டிருக்கிறான். அந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. தொடர் பிழையானதன்று, மேஜையைச் சுற்றியிருந்த நால்வரில் மூவரை விமானத்தில் ஏற்றாமல் விட்டுவிட்டார்கள்.

நாட்டுக்குள்ளேயும் காலம் சும்மா இருக்கவில்லை. கதைக்குள் ஓராண்டுகூட நிறைவுறாதிருக்க, பொதுத் தொலைபேசிக் கூண்டிலிருந்து பேசத் தொடங்கியவர்கள் இப்போது தொடுதிரைக் கைப்பேசியில் பேசுகிறார்கள். பார்ப்பவர்களோ வருஷத்துக்கு ஒரு வயது வீதம் ஒழுங்காக முதிர்ந்தார்கள். 1989இல் பிறந்த ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். முதற்பாகம் வந்தபோது அவளுக்குக் கோனனின் வயது. 2006இல் அவளுக்கு ரானின் வயது. 2018இல் வெளிவந்த 22ஆவது திரைப்படத்தின் நாயகர்களில் ஒருவன், மூன்று முகங்களோடு திரியும் அமுரோ தோரு என்ற உளவுக் காவலன். அவனுக்கு 29 வயது. அந்த வருஷத்தில் அந்தப் பெண்ணுக்கும் 29! பொதுப் பாதுகாப்புக் காவலருக்கும் அரசு வழக்குரைஞர்களுக்கும் இடையிலான அதிகார உறவை அச்சாணியாகக் கொண்ட அந்தப் படத்தை ஏழு வயதுப் பிள்ளை எவ்வளவு விளங்கிக்கொண்டதோ தெரியாது. ஆனால் இளம்பெண்கள் திரும்பத் திரும்ப டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள், அமுரோவை 1,000 கோடி யென் வசூல்காரனாக ஆக்கிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு. அந்தத் தொகையை அப்படம் நெருங்கிற்று, எட்டவில்லை. 2023இன் படம் எட்டிக் கடந்தது. 2024இன் படம் 1,500 கோடி யென்னையும் தாண்டிற்று. அத்தனையும் எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற முத்திரையுடன் வந்தவை. தொலைக்காட்சித் தொடரும் 2009இல் திங்கட்கிழமையைவிட்டுச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நகர்ந்தது.

இதற்கு மாறான வழியில் போனவன் கிந்தாய்ச்சி. 1992இல் தொடங்கிய இந்தச் சித்திரக்கதையின் நாயகனும் உயர்நிலைப் பள்ளி மாணவனே. யோகோமிசோ செய்ஷி படைத்த பிரசித்தமான துப்பறிவாளரின் பேரன் என்பது கதையின் ஏற்பாடு. 1997 முதல் 2000 வரையில் அவனுடைய தொலைக்காட்சித் தொடர் திங்கட்கிழமை ஏழு மணிக்கு, கோனனுக்கு முந்திய அரை மணியில் வந்தது. ஆக, அந்தச் சில ஆண்டுகள் ஜப்பானியக் குடும்பம் ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே இரண்டு கொலைகளைப் பரிமாறிக்கொண்டு சாப்பிட்டது என்று சொல்லலாம்! கிந்தாய்ச்சியின் சாவுகள் கோனனுடையவற்றைக் காட்டிலும் கொடூரமானவை, மெதுவானவை. அவனை எழுதியவர்கள் 2018இல் ஒரு காரியம் செய்தார்கள்: அவனுக்கு 37 வயதாக்கி, கம்பெனி உத்தியோகஸ்தனாக்கி, இனித் துப்பறியவே மாட்டேன் என்று சலித்துக்கொள்ளவைத்து, பெரியவர்களுக்கான இதழ் ஒன்றில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். வாசகரோடு நாயகனும் மூத்துத் தட்டு மாறினான். கோனன் மூக்கவுமில்லை, மாறவுமில்லை. எனக்குக் கிந்தாய்ச்சி செய்ததே யோக்கியமாகப் படுகிறது; ஆனால் புதிதாகப் பிறக்கும் ஏழு வயதினரை அவன் இழந்துவிட்டான் என்பதையும் மறுக்க இயலாது.

வயது என்ன என்று கேட்டவருக்கு எண் ஒன்று வேண்டுமல்லவா? கூட ஒருவர் இருந்தால் பத்து வயது என்பேன். காரணம் இரத்தமன்று. கோனனின் இரத்தம் பெரும்பாலும் தரையில் வரைந்த ஒரு கறை. 'கட்டுப்போட்ட மனிதன்' என்று சொல்லப்படும் ஆரம்பகாலக் கதையில், மலைமேல் உள்ள ஒரு விடுதியைச் சுற்றி முகமெல்லாம் துணி சுற்றிய உருவம் ஒன்று துண்டிக்கப்பட்ட உடலோடு உலவுவதைப் பார்த்துவிட்டு, கழிப்பறைக்குத் தனியே போகப் பயந்தோம் என்று வளர்ந்த ஜப்பானியர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறார்கள். சிரிக்க முடிகிற பயம் தீங்கானதன்று. சிரிக்க முடியாதது வேறொன்று. 1996 ஏப்ரலில் வந்த 'நிலவொளி சொனாட்டா' என்ற பாகத்தில், தகப்பனைக் கொன்றவர்களைப் பழிதீர்த்த ஒருவர், துப்பு வெளிப்பட்ட பிறகு எரிகிற கட்டடத்துக்குள்ளேயே பியானோ வாசித்துக்கொண்டு மாய்ந்துபோகிறார். கோனன் காப்பாற்ற ஓடுகிறான், முடியவில்லை. தன் யுக்தியால் குற்றவாளியை மூலைக்குத் தள்ளி, அவர் சாவதைப் பார்த்து நிற்கும் துப்பறிவாளன் கொலைகாரனுக்கு ஒப்பானவனே என்னும் கருத்தைப் பின்னொரு பாகத்தில் அவன் வெளியிடுகிறான். யார் செய்தது என்பதை ஒன்பது வயது கண்டுபிடித்துவிடும். பல வேளைகளில் எனக்கு முன்னரே. செய்தவருக்கு நியாயம் இருந்தும் செய்தது தவறு என்னும் இரட்டைத் தராசைத் தூக்குவதற்குக் கை இன்னும் கொஞ்சம் வளரவேண்டும். அல்லது பக்கத்தில் வேறொரு கை வேண்டும்.

மாடிப்படிப் பெண்மணிக்கு இதையெல்லாம் சொல்லப் பொழுதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்ப் பாப்பாவோடு ஒரு பாகம் பார்த்தேன். குற்றவாளியை இன்னாரென்று காட்டாமல் வெண்கண்ணும் பல்லிளிப்பும் மாத்திரம் தெரியும் கரிய உருவமாக வரைந்திருப்பார்களே, அது வந்தபோது அவள் பயப்படவில்லை. "இது சும்மா தாத்தா, கடைசில கலர் வந்துரும்" என்று எனக்குத் தைரியம் சொன்னாள். பிரேதத்தைக் கண்டும் கலங்கவில்லை. கொன்றவரைக் காவலர் அழைத்துக்கொண்டு போனார்கள், கதவு சாத்துவதுபோன்ற அந்த வழக்கமான ஓசை கேட்டது, பாட்டு வந்தது, அடுத்த வாரத்துக் கதைக்கான குறிப்பைச் சொல்லிவிட்டுக் கோனனும் சிநேகிதர்களும் சிரித்தார்கள். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று.

"தாத்தா, செத்துப்போனாரே, அவருக்கு ஒரு பொண்ணு இருந்துச்சுல்ல, போட்டோவுல?"

"இருந்தது."

"அது இனிமே யாரு கூட இருக்கும்?"

துப்பறியும் கதைகளை ஐம்பது வருஷமாகப் படித்துவருகிற எனக்கு, அவற்றுள் ஒன்றில்கூட இந்தக் கேள்வி எழுந்ததாக ஞாபகமில்லை. பாட்டி வீட்டில் இருக்கும் என்று சொல்லிவைத்தேன். அவள் சிறிது யோசித்துவிட்டு, பாட்டி எந்த ஊர் என்று கேட்டாள். அதற்குள் அடுத்த பாகம் தானாகவே ஓடத் தொடங்கியிருந்தது. அவளுடைய அம்மா சமையலறையிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, அதை நிறுத்தினார்.